வாசலில் மூன்றாவது சோடி

நவம்பர் 2, ஞாயிறு.

இன்று ஒரு சின்னப் பிழை விட்டேன். எமிலியானா அன்ரியின் வாசலில் தாறுமாறாகக் கிடந்த சப்பாத்துகளைச் சோடி சோடியாகச் சுவரோரம் அடுக்கிவைத்தேன். பேரின்பம் அண்ணை எதையும் தொடவேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்பினார். வாசல் வீட்டுக்கு வெளியேதானே என்று நினைத்துவிட்டேன்.

தர்சனா இந்த இடத்தில் பேனையை நிறுத்தினாள். மாலை வகுப்புக்குப் போகத் தொடங்கியதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறாள். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுவாள். எழுதியபின் ஒவ்வொரு வரியையும் சந்தேகப்படுவாள். இப்போதும் அந்தச் சந்தேகம்தான் வந்தது. எந்தெந்தச் சப்பாத்துகளை அடுக்கினேன்?

தன்னுடைய வெள்ளைக் கன்வஸ். அன்ரியின் கறுப்புச் செருப்பு. பிறகு, மண்ணிறத் தோலில் ஓர் ஆண் சப்பாத்து. அந்த வீட்டுக்காரரான, செத்துப்போன புரொபெசோரேயின் பழைய சோடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே அதையும் சுவரோரம் தள்ளியிருந்தாள். ஆனால் திரும்பி வரும்போது, தன்னுடையதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, அங்கே அன்ரியின் கறுப்புச் செருப்பு மட்டும்தான் நின்றது.

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். அந்தச் சப்பாத்தைத் தொட்டபோது விரல் நனைந்தது. செத்தவரின் சப்பாத்து எந்த மழையில் நனைந்தது?

உடனே பேரின்பநாயகத்துக்குப் போன் எடுத்தாள்.

*

பேரின்பநாயகம் நீதிமன்றங்களில் தமிழுக்கும் இத்தாலியத்துக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர். ஞாயிறு பூசை முடிந்தபின் பங்கு மண்டபத்து மூலை மேசையில் வந்து உட்காருவார். சனங்கள் தங்கள் சிக்கல்களோடு வருவார்கள். பக்கத்தில் தர்சனா உதவிக்கு இருப்பாள். அன்று மத்தியானம் எமிலியானா வந்தபோது அவளுக்கு உட்காரவும் பொறுமை இல்லை.

"தம்பி, வீட்டிலை ஆரோ நடமாடினம்."

"எந்த வீடு அக்கா?"

"புரொபெசோரேன்ரை வீடுதான்."

பலேர்மோ நகரத்து வியா மக்வேதா வீதிக்குப் பின்னால், பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே இருந்தது அந்த வீடு. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரை எமிலியானா அங்கேயே தங்கிப் பராமரித்து வந்தாள். செப்ரெம்பர் கடைசியில் அவர் இறந்துபோனார். வீடு விற்கும்வரை அவளை அங்கே இருக்கச் சொல்லியிருந்தாள் அவருடைய தமையன் மகள், சிஞ்ஞோரா லாவ்ரா.

"நான் வெளியிலை போட்டு வந்தால் அவற்றை கதிரை யன்னலடியிலை நிக்குது. மேசை விளக்கைத் தொட்டால் சுடுது. கழுவின கோப்பை ரெண்டு ஈரமாக் கிடக்குது. கதவு பூட்டினது பூட்டினபடி."

"ஒவ்வொரு நாளுமோ?"

"இல்லை. வியாழனும் ஞாயிறும்தான். செவ்வாய் சந்தைக்குப் போறன், வெள்ளி இன்னொரு வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போறன். அண்டைக்கெல்லாம் ஒண்டுமில்லை."

"சாவி?"

"என்னட்டை ஒண்டு, லாவ்ராட்டை ஒண்டு. அவ இருக்கிறது மிலானோவிலை." எமிலியானா மேசையைப் பிடித்துக்கொண்டாள். "முன்வீட்டுக்காரர் அவவுக்குப் போன் அடிச்சு, யன்னல்லை ஆள் தெரியுது எண்டு சொல்லிப்போட்டினம். நான் களவா ஆக்களை வைச்சு வாடகை எடுக்கிறன் எண்டு நினைக்கிறா. செவ்வாய் காலமை வந்து பூட்டை மாத்தி, பொலிசிலையும் எழுதிக் குடுக்கப்போறாவாம். அந்த விலாசத்திலைதான் தம்பி என்ரை வதிவிடப் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்கக் குடுத்திருக்கிறன். விலாசமும் போய், பொலிசிலை பேரும் விழுந்தால் நான் என்ன செய்யிறது?"

மண்டபத்தின் மறுபக்கத்தில் ஏழைகளுக்கென்று வந்த உடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்த யூலியானா தலையை நிமிர்த்தினாள். "பேயெண்டால் பாதரிட்டைப் போகவேணும் எமிலி அக்கா. மொழிபெயர்ப்பாளர் பேயோடை என்ன பாஷை கதைக்கிறது? அதுவும் இண்டைக்குச் செத்த ஆத்துமாக்களின்ரை நாள். வந்திட்டுத்தான் போவார்."

"வாயைக் கழுவு. அவற்றை உடுப்பு, சப்பாத்து எல்லாம் ஒண்டுவிடாமல் உன்னட்டைத்தானே கட்டித் தந்தனான். இனி என்னத்துக்கு வாறார்?"

"ஓம், என்ரை மனுசன்தானே அந்த மூட்டையைச் சுமந்து முதுகு பிடிச்சுப் படுத்தது."

"ஏர்னஸ்ற் எங்கை?" என்று கேட்டார் பேரின்பநாயகம். "பூசையிலையும் காணேல்லை."

"பக்கத்து ஊர் பகேரியாவிலை ஒரு கிழவரைப் பாக்கிறார். ஞாயிறும் விடுறாங்களில்லை."

பேரின்பநாயகம் தலையாட்டினார். தனக்கு மாலைவரை ஆட்கள் இருப்பதாகவும், மறுநாள் வருவதாகவும் சொல்லி, தர்சனாவை எமிலியானாவோடு அனுப்பினார்.

படிக்கட்டு விளக்கு தானாக அணையும் வகை. மூன்றாம் மாடிக்கு அவர்கள் ஏறி முடிய அது அணைந்துவிட்டது. எமிலியானா அரையிருட்டில் சாவியைத் துழாவ, தர்சனா தன் கன்வஸைக் கழற்றினாள். அப்போதுதான் அவள் கை அந்தச் சப்பாத்துகளை அடுக்கியது.

உள்ளே கோப்பி மணத்தது.

கதிரை யன்னலடியில் வெளியே பார்த்தபடி நின்றது. யன்னல் விளிம்பில் பச்சைக் கண்ணாடி மூடிய மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இரண்டு கோப்பைகள். ஒன்று பாதி குடித்தபடி. மற்றது யாருக்கோ ஊற்றிவைத்தபடி, விளிம்புவரை நிறைந்து, ஆவி பறந்தது.

எமிலியானா செபமாலையைப் பிடித்தபடி தர்சனாவின் கையை இழுத்துக்கொண்டு நேரே படுக்கையறைக்குப் போய், மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் விழுந்தாள். முதலாவது அருள்நிறைந்த மரியே முடியுமுன் எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. காற்று என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வெளியே காற்றே இல்லை.

*

"அப்ப நாங்கள் உள்ளை நிக்கேக்கை அதுவும் உள்ளை நிண்டிருக்கு அண்ணை," என்றாள் தர்சனா போனில். "நான் அதின்ரை சப்பாத்தை அடுக்கி வைச்சிருக்கிறன்."

"அடுக்கினது நல்லதாப் போச்சு பிள்ளை. அடுக்காட்டில் உனக்கு அது ஞாபகத்திலையே இருந்திராது," என்றார் பேரின்பநாயகம். "அதோடை பேய்க்குக் கால் நனையிறதில்லை. நிம்மதியாப் படு."

அவள் நிம்மதியாகப் படுக்கவில்லை.

திங்கட்கிழமை காலை பேரின்பநாயகம் வந்து அந்த அறையைச் சுற்றி ஆறுதலாக நடந்தார். குசினியில் தட்டுகளைப் பார்த்தார். மேல்தட்டில் கோப்பி காய்ச்சும் ஒரு பழைய மொக்காப் பாத்திரம் இருந்தது.

"இதிலைதான் அவருக்குக் கோப்பி போடுறனீங்களோ அக்கா?"

"சீ! டொக்ரர் கோப்பியை நிப்பாட்டி எவ்வளவு காலம். நான் பார்லிதான் காய்ச்சிக் குடுத்தனான். அதை நான் எடுத்ததே இல்லை."

அவர் மொக்காவைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் தர்சனாவிடம் நீட்டினார். புதுக் கோப்பியின் வாசம்.

"யன்னலடியிலை இருக்கிறது அவருக்கு விருப்பமோ?"

"ஒருநாளும் இல்லை. வெளிச்சம் கண்ணுக்குக் கூசுது எண்டு திரையை மூடச்சொல்லுவார். என்ரை கையாலை நான் அந்தக் கதிரையை ஒருக்காலும் அங்கை வைக்கேல்லை."

சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. பனிக்குள் ஒரு மரவீடு. அதன் யன்னலில் ஒரு விளக்கு. படியில் மெல்லிய இளைஞன் ஒருவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"அது அமெரிக்காவாம். வாலிபத்திலை அங்கை ஒரு சின்ன ஊரிலை படிச்சவராம். லாவ்ரா சொன்னவ. என்னோடை அவர் அதைப்பற்றிக் கதைச்சதில்லை."

பேரின்பநாயகம் படத்திலிருந்த விளக்கையும் யன்னலிலிருந்த விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தர்சனாவை முன்வீட்டுக்கு அனுப்பினார். அங்கே வேலை செய்யும் மொரீசியஸ்காரி ஜினெட் பல்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவள் இத்தாலியத்தில் சொன்னதைத் தர்சனா படிகளில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓடிவந்தாள்.

"அண்ணை, அவர் உயிரோடை இருக்கேக்கையும் வியாழனும் ஞாயிறும் பின்னேரத்திலை விளக்கைக் கொளுத்தி, கையிலை கோப்பிக் கோப்பையோடை யன்னலடியிலைதான் இருப்பாராம். செத்த பிறகும் அதே மாதிரி விளக்கு எரிய, தான் சைவமாயிருந்தும் சிலுவை போட்டவவாம்!"

"அவவுக்கு விசர்," என்றாள் எமிலியானா. "எட்டு வருசம் இருந்த எனக்குத் தெரியாதே?"

"உங்களுக்குத் தெரியாது அக்கா. அதுதான் விசயம்," என்றார் பேரின்பநாயகம். அன்று நாலு மணிக்கு யூலியானாவையும் ஏர்னஸ்ற்றையும் அங்கே வரச்சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். தர்சனாவிடம் ஒரு வேலைதான் கொடுத்தார். "நீ வாசல்லை நில். இந்தமுறை பார். தொடாதை."

*

நாலு மணிக்கு மழை பெய்துகொண்டிருந்தது. யூலியானா கதவடியில் செருப்பை உதறிவிட்டுப் பேச்சோடு உள்ளே போனாள். பின்னால் வந்த ஏர்னஸ்ற் சுவரில் கையூன்றிக் குனிந்தார். மண்ணிறத் தோல் சப்பாத்து. அளவு கொஞ்சம் பெரிது. குதிக்குள் கடதாசி மடித்துச் செருகியிருந்தது. தர்சனா உள்ளே வந்து பேரின்பநாயகத்தைப் பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அது போதுமாயிருந்தது.

"வந்தது ஆர் எண்டு கேக்கமுதல், வந்தவருக்கு என்ன தெரியும் எண்டு பாப்பம்," என்று தொடங்கினார். "யன்னலடிக் கதிரை, விளக்கு, கோப்பி. எமிலியானா அக்காவின்ரை புரொபெசோரே இது மூண்டையும் தொட்டதில்லை. ஆனால் ஜினெட் கண்ட புரொபெசோரே மூண்டோடையும் இருந்தவர். ஆள் ஒண்டு, நாள்தான் வேறை. வயது போனவையைப் பாக்கிற பதாந்தே வேலை செய்யிற எங்கடை ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, லீவு எப்ப எண்டு."

"வியாழன் பின்னேரமும் ஞாயிறும்," என்றாள் தர்சனா தன்னையறியாமல்.

"அந்த நாளிலை அக்கா வீட்டிலை இல்லை. அவவுக்குப் பதிலா நிண்ட ஒராளுக்கு மட்டும்தான் அந்தப் புரொபெசோரேயைத் தெரியும். செத்த பிறகும் அவர் அந்த ரெண்டு நாளும்தான் வாறார், ஏனெண்டால் அது அவற்றை வேலைநாள். ஆர் வீட்டுக்கை போனாலும் சப்பாத்தை வாசல்லை கழட்டுறது எங்கடை பழக்கம். பலேர்மோக் கள்ளன் கழட்டமாட்டான். சொல்லாமல் நுழையிற வீட்டிலையும் கழட்டிப்போட்டு வந்தவர், தான் களவெடுக்க வரேல்லை எண்டு நினைச்சிருக்கவேணும்."



"சாவி?" என்றாள் எமிலியானா.

"புரொபெசோரேயும் ஒரு காலத்திலை வெளியிலை போய் வந்த மனுசன்தானே. அவருக்கெண்டு ஒரு சாவி இருந்திருக்கும். அவற்றை கோட்டுப் பையைத் தடவிப் பாத்தோ மூட்டை கட்டினீங்கள்?"

எமிலியானா வாயைப் பொத்தினாள். யூலியானா மெதுவாகத் தன் கணவன் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சேருங்கோ. அந்தக் கோட்டும் சப்பாத்தும் குளிருக்கு நல்லம் எண்டு நான்தானே எடுத்துத் தந்தனான். நீங்கள் பகேரியாவுக்கெல்லோ போட்டுக்கொண்டு போனீங்கள்?"

ஏர்னஸ்ற் உள்பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து விளக்கடியில் வைத்தார்.

"பகேரியாவிலை ஒருத்தரும் இல்லை யூலி."

"கடவுளே."

"அவர் செத்ததோடை இஞ்சத்தை வேலை போட்டுது, வேறை ஒண்டும் கிடைக்கேல்லை எண்டு உம்மட்டைச் சொல்ல வாய் வரேல்லை. வியாழன் வந்தால் வெளிக்கிட்டன். எங்கை போறதெண்டு தெரியேல்லை. கால் இஞ்சை வந்திட்டுது." அவர் படத்தைக் காட்டினார். "உந்த ஊரைப்பற்றித்தான் எந்த நேரமும் கதைப்பார். ஞாயிறு பின்னேரம் வாத்திமார் வீட்டு யன்னல்லை விளக்கு வைப்பினமாம். வைச்சால் கதவு பூட்டில்லை, ஆரும் உள்ளை வரலாம் எண்டு அர்த்தமாம். படிக்கிற பொடியள், முடிவெட்டுறவர், பால்காரன், எல்லாரும் ஒண்டா இருந்து கோப்பி குடிப்பினமாம். பாஷை தெரியாமல் பனிக்குள்ளை நிண்ட இவரையும் அப்பிடித்தான் உள்ளை கூப்பிட்டவையாம். பிறகு இஞ்சை வந்து தானும் விளக்கு வைச்சவர். முந்தி மாணவர் வந்தவையாம். நான் இருந்த காலத்திலை ஒருத்தரும் வரேல்லை. எண்டாலும் இன்னொரு கோப்பை ஊத்தி வை எண்டுவார்."

"நேற்றும் ஊத்தினீங்கள்," என்றாள் தர்சனா.

"ஓம் தங்கச்சி. ஊத்திப்போட்டு இருக்க, கதவு திறந்தது." ஏர்னஸ்ற் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தார். "எமிலி அக்கா எண்டு எனக்கு முதல்லை படேல்லை. ஆரோ விளக்கைக் கண்டு வந்திட்டினம் எண்டுதான் நினைச்சன். பிறகு வெக்கத்திலை குசினிக்குள்ளை ஒளிச்சிட்டன்."

எமிலியானா அவரைத் திட்டத்தான் வாய் திறந்தாள். "கோதாரி விழுவானே, என்னை றோட்டிலை விடப் பாத்தியே! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் நானே கதவு திறந்து விட்டிருப்பனே," என்றவள், முடிக்க முடியாமல் அந்தக் கதிரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நாளைக்கு லாவ்ரா வாறா," என்றார் பேரின்பநாயகம். "நான் சொன்னால் அது கதை. சாவியோடை நீங்கள் போய்ச் சொன்னால்தான் அக்கா தப்புவா. அவ உங்களைப் பொலிசுக்குக் குடுக்கவும் கூடும். அதையும் மறைக்காமல் சொல்லுறன்."

ஏர்னஸ்ற் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். யூலியானா எழுந்து போய் அதை எடுத்து, அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"போவம். நானும் வாறன். பொய் சொன்னதுக்கு வீட்டிலை வேறையா இருக்குது உங்களுக்கு."

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. யாரும் சொல்லாமலே எமிலியானா எட்டி விளக்கைக் கொளுத்தினாள். முன்வீட்டுப் பல்கனியில் ஜினெட் துணியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்று பார்த்தாள். தர்சனா யன்னலைத் திறந்து அவளுக்குக் கைகாட்டி, கோப்பி இருக்கிறது, வாருங்கள் என்று இத்தாலியத்தில் கூப்பிட்டாள். வசனம் சரியா பிழையா என்று பிறகுதான் யோசித்தாள்.

நவம்பர் 3, திங்கள்.

ஜினெட் வந்தார். வாசலில் ஐந்து சோடியும் என்னுடையதும் இருந்தன. நான் அடுக்கவில்லை.

நாளை: காலை ஏர்னஸ்ற் அண்ணையையும் யூலியானா அக்காவையும் கூட்டிக்கொண்டு, சிஞ்ஞோரா லாவ்ரா பூட்டுக்காரரோடு வருமுன் அங்கே நிற்க வேண்டும். சாவியை ஏர்னஸ்ற் அண்ணைதான் கொடுக்க வேண்டும். போகிற வழியில் கோப்பித்தூள் வாங்க வேண்டும்.