ஷெரின் வாங்கிய கனமான பேட்

ஷெரினின் வீட்டில் எல்லோருக்கும் கிரிக்கெட் பைத்தியம். அப்பா கிளாரன்ஸ் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மைதானத்துக்கு ஓடுவார். அண்ணன் எரிக் சாப்பிடும்போது கரண்டியால் காற்றில் சிக்ஸர் அடிப்பான். ஆகவே, பள்ளியின் சாஃப்ட்பால் அணிக்குக் கேப்டனான ஷெரின், பேட் வாங்குவது பற்றித் தனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்ததில் ஆச்சரியமில்லை.

அணியின் பழைய பேட்டில் விரிசல் விட்டிருந்தது. "புது பேட்டை நீயே போய்ப் பார்த்து வாங்கிட்டு வா. சனிக்கிழமை மேட்ச் இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ" என்றார் பி.டி. ஆசிரியை சாந்தகுமாரி மிஸ்.

அன்று மாலையே ஷெரினும் அப்பாவும் லிங்கராஜபுரம் மெயின் ரோட்டில் இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு பேட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று சிவப்பு, லேசானது. மற்றது நீலம், கனமானது.

அப்பா நீல பேட்டை வாங்கி, நுனியைத் தரையில் ஊன்றி, டொக் டொக் என்று தட்டினார். குனிந்து நின்று ஒரு ஷாட் அடித்துக் காட்டினார்.

"சூப்பரா இருக்குதும்மா! வெயிட்டா இருந்தாதான் பால் பறக்கும்."

ஷெரினும் அதேபோல் தரையில் ஊன்றித் தட்டிப் பார்த்தாள். கனமே தெரியவில்லை.

"இது தும்ப வெயிட்டும்மா, ரொம்பக் கனம். பெரிய பொண்ணுங்க ஆடறது" என்று கன்னடம் கலந்து சொன்னார் கடைக்காரர்.

"நாங்க மட்டும் சின்னப் பொண்ணுங்களா அங்கிள்? இதையே குடுங்க" என்றாள் ஷெரின்.

மறுநாள் பயிற்சியில் அவளுடைய பெருமை காற்றுப் போன பலூன் ஆனது.

சாஃப்ட்பாலில் பேட்டைத் தரையில் ஊன்றி நிற்க முடியாது. தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடிதான் பந்துக்குக் காத்திருக்க வேண்டும். தரையில் சமர்த்தாக இருந்த நீல பேட், தோளுக்கு மேலே போனதும் அம்மிக்கல்லாக மாறிவிட்டது. ஷெரின் வீசி முடிப்பதற்குள் பந்து அவளைத் தாண்டிப் போய்விட்டது. இத்தனை நாள் சாஃப்ட்பால் ஆடியும், கடையில் கிரிக்கெட் பேட்டைப் பார்ப்பதுபோல் பார்த்து வாங்கிவிட்டோமே என்று அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அடுத்து வந்த தர்ஷினி, வீசின வேகத்தில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"இது பேட்டா, கரண்ட் கம்பமா? யாருடி இதை செலக்ட் பண்ணது?" என்று கத்தினாள்.

யார் என்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் ஷெரினைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் பேட்டை மாற்றித் தரச் சொல்லி அவள் அதே கடைக்கு ஓடினாள். கடைக்காரர் பேட்டின் நுனியைத் தடவிப் பார்த்தார். தரையில் தட்டித் தட்டி அங்கே கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தது.

"ஆகல்லம்மா, மாத்தித் தர முடியாது. இந்தக் கீறலோட இனி யாரு வாங்குவாங்க?"

அதைவிடப் பெரிய இடி மறுநாள் விழுந்தது. அணியிலேயே சின்னவளான கிருத்திகா, இடைவேளையில் ஷெரினைத் தேடி வந்தாள்.

"அக்கா, நான் மேட்சுக்கு வரல. அந்த பேட்டை என்னால தூக்கவே முடியல. எல்லாரும் சிரிப்பாங்க."

ஷெரினுக்குப் பகீரென்றது. அணியில் இருப்பதே ஒன்பது பேர்தான். ஒருத்தி குறைந்தாலும் சனிக்கிழமை ஆட முடியாது. அதைவிட, கிருத்திகாவின் கண்களில் தண்ணீர் நின்றதுதான் அவளை வாட்டியது. தப்புச் செய்தது நான், அழுவது இவளா என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சும்மா உக்காந்திருக்கிற நேரத்துல ஒட்டடையாவது அடி. நாளைக்கு ஷோபா ஆன்ட்டி வர்றாங்க" என்று அம்மா ஒட்டடைக் கம்பை நீட்டினார்.

ஷெரின் கம்பின் அடிமுனையைப் பிடித்துத் தூக்கினாள். மேல் முனை தள்ளாடி, டியூப் லைட்டை முட்டப் போனது. சட்டென்று கைகளைக் கம்பின் மேல் பக்கம் நகர்த்தினாள். ஆட்டம் நின்றது. கம்பு சொன்ன பேச்சைக் கேட்டது.

அவள் தன் கைகளையே பார்த்தாள். பிறகு கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு நீல பேட்டை எடுத்தாள். பிடியின் அடியில் பிடிக்காமல், நான்கு விரல் அளவு மேலே தள்ளிப் பிடித்தாள். தோளுக்கு மேலே தூக்கினாள்.

வீசினாள். விஷ்!

"மம்மி, இது லேசாயிடுச்சு!"

"அது இருக்கட்டும். ஒட்டடை அப்படியே இருக்குது பாரு!"

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே ஷெரின் கிருத்திகாவின் வகுப்புக்குப் போய்விட்டாள்.

"கிருத்தி, பேட்டை வாங்குனதுல தப்புப் பண்ணது நான். உன் கையில ஒரு குறையும் இல்ல. ஒரே ஒரு தடவை நான் சொல்ற மாதிரி பிடிச்சுப் பாரு. அப்பவும் முடியலன்னா நான் வற்புறுத்த மாட்டேன்."

மைதானத்தில் ஷெரின் அவளுடைய கைகளைப் பிடித்து மேலே, இன்னும் கொஞ்சம் மேலே நகர்த்தினாள். கிருத்திகா தயங்கித் தயங்கி வீசினாள். பந்து ணங்கென்று பட்டுத் தரையில் உருண்டது.

"பட்டுடுச்சுக்கா!"

"சக்கத்! சூப்பர்! இன்னொரு தடவை!"

அன்று மாலை எல்லோரும் அவரவர் பிடியைத் தேடிக்கொண்டார்கள். தர்ஷினிக்கு இரண்டு விரல் மேலே போதும். கிருத்திகாவுக்கு ஒரு கையளவு வேண்டும். சாந்தகுமாரி மிஸ் ஓரமாக நின்று பார்த்தார். பார்த்ததில் விசில் ஊதவே மறந்துவிட்டார்.

சனிக்கிழமை மேட்ச் கடைசிவரை இழுத்தது. இரண்டு அணியும் சம ரன். ஷெரின் அடித்துவிட்டு ஓடி, மூன்றாவது பேஸ் வரை வந்து நின்றாள். அங்கிருந்து ஓடி வந்து, பந்தை அடிக்கும் இடமான ஹோமைத் தொட்டால் ஜெயம். ஆனால் ஏற்கெனவே இரண்டு பேர் அவுட். அடிப்பவளும் பத்திரமாக முதல் பேஸுக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த ரன் சேரும். அடிக்க வந்தவள் கிருத்திகா!

எதிரணிப் பெண்கள் அவளுடைய உயரத்தைப் பார்த்து முன்னால் நெருங்கி வந்து நின்றார்கள்.

கிருத்திகா கைகளை மேலே தள்ளிப் பிடித்தாள். பந்து வந்தது. ணங்! அது நெருங்கி நின்றவர்களின் நடுவே புகுந்து புல்லில் ஓடியது.

ஷெரின் ஹோமைப் பார்த்துப் பறந்தாள். தொட்டுவிட்டுத் திரும்பினால், கிருத்திகா நீல பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தாள்! சாஃப்ட்பாலில் வேகம் குறையாமல் இருக்க, அடித்ததும் பேட்டைக் கீழே விட்டுவிட்டு ஓடுவதுதான் வழக்கம். கிருத்திகா சந்தோஷத்தில் அதை மறந்துவிட்டாள்.

"பேட்டைப் போடுடி! போடு!" என்று எட்டுப் பேரும் கத்தினார்கள்.

தன்னை உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்த கிருத்திகா, பேட்டை இன்னும் இறுக்கிக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினாள். பந்து முதல் பேஸுக்கு வருவதற்கு ஒரு நொடி முன்பு அவள் கால் பேஸில் பட்டது.

"சேஃப்!" என்று கைகளை விரித்த நடுவர், சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எட்டுப் பேரும் ஓடிப்போய் கிருத்திகாவைக் கட்டிக்கொண்டார்கள்.

"ஏன் இந்த பேட்டையும் தூக்கிட்டு ஓடுன?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் ஷெரின்.

கிருத்திகா குனிந்து தன் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அய்யோ, இது கையில இருந்ததே தெரியலக்கா!"

தர்ஷினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். ஷெரினுக்கு வாரம் முழுவதும் நெஞ்சில் இருந்த பாரம் அந்த நொடியில் காணாமல் போனது.