ரோட்டுப் பக்கத்துப் பின்கதவு

வாடகைக்குப் பிடித்த வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கார் நிறுத்தத்தான் இடமில்லை. அந்தக் காலத்து வீடு. கேட்டின் அகலம் சைக்கிளுக்குப் போதும், காருக்குப் போதாது.

"வெளியிலயே நிறுத்திக்கலாம். முட்டுச்சந்துதானே, யார் வரப்போறா?" என்றார் கணவர்.

சந்தின் கோடியில் ஓர் ஆஸ்பத்திரியின் பின்கேட் இருந்தது. விடியற்காலையில் கேன்டீனுக்குச் சாமான் ஏற்றிவரும் வண்டிகளையும் ஷிஃப்ட் மாறுகிற வேலைக்காரர்களையும் தவிர அங்கே நடமாட்டம் கிடையாது. அதனால் கணக்கு டீச்சரான அவர் மனைவி தினமும் சாயங்காலம் காரை மதிலோரம் ஒட்டி நிறுத்தினாள். ஆறு மாதம்கூட ஆகாத புதுக்கார்.

குடிவந்த பதினோராம் நாள். இரவு முழுக்கப் பெய்த மழை அப்போதுதான் தூறலாகியிருந்தது. ஆறரை மணிக்குக் குடையோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ரோட்டுப் பக்கத்துப் பின்கதவு உள்ளே போயிருந்தது. யாரோ தலையணையில் சாய்ந்து எழுந்த பள்ளம் போல, வழவழவென்று.

பல் துலக்கிக்கொண்டே ஓடிவந்த கணவர் நுரையைத் துப்பிவிட்டுக் கத்தினார். "இடிச்சுட்டு ஓடிட்டான் பாரு! ஒரு துண்டுச் சீட்டுல நம்பர் எழுதி வைக்கக்கூட மனசு வரலை."

போட்டோ எடுத்தார்கள். ஸ்டேஷனில் புகார் கொடுத்தார்கள். நிறுத்தியிருந்த வாகனத்தின் மீது அடையாளம் தெரியாத வாகனம் மோதியது என்று எழுதிக்கொண்ட போலீஸ்காரர், கொட்டாவியை அடக்கியபடி கேட்டார்.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை சார்."

"அப்புறம் என்னம்மா, கதவுதானே."

எதிர்வீட்டுப் பல் டாக்டரின் கிளினிக் வாசலில் கேமரா இருந்தது. ஆனால் டாக்டர் ஊரில் இல்லை, கிளினிக் பூட்டிக் கிடந்தது. இன்சூரன்ஸ்காரர் போட்டோவைப் பார்த்தே சம்மதம் சொல்லிவிட்டார். பட்டறையில்தான் இடம் காலியில்லை, மூன்று வாரம் கழித்து வரச்சொன்னார்கள். அதுவரை நசுங்கிய கதவோடுதான் ஓட்டியாக வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்தில் அது முதல்முறையாக நடந்தது.

மணியடித்துப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு டீச்சர் காரை எடுத்தாள். சுவர் ஓரத்திலிருந்து வெளியே வர ரிவர்ஸ் கியர் போட்டு மெல்லப் பின்னால் நகர்த்தினாள்.

தட். தட். தட்.

பின்கதவில் யாரோ உள்ளங்கையால் அடித்தார்கள். பின்னால் ஆள் நிற்கிறது, நிறுத்து என்று அடிப்பார்களே, அந்த அடி.

பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினாள். பின்னால் யாருமில்லை. கதவுப் பக்கமும் இல்லை. குனிந்து காருக்கு அடியிலும் பார்த்தாள். காய்ந்த இலைகள் கிடந்தன. வாட்ச்மேன் தூரத்தில் கேட்டருகே உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான்.

முன்னால் ஓட்டும்போது சத்தமே இல்லை. ரிவர்ஸ் போட்டால் மட்டும் வந்தது. மறுநாள் வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஒவ்வொரு தடவையும் மெதுவாகத் தொடங்கி, போகப் போக அவசரமாகி, கடைசியில் வெறிபிடித்த மாதிரி அடித்து, சட்டென்று நின்றது.

அப்படி நிற்பதுதான் அவளுக்குச் சத்தத்தைவிடப் பயமாக இருந்தது.

பயத்தில் ரிவர்ஸே தேவைப்படாத இடமாகத் தேடி நிறுத்த ஆரம்பித்தாள். கணவரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "கதவுக்குள்ள ஏதாவது கழண்டு ஆடும். கணக்கு டீச்சருக்கு இதுகூடவா தெரியாது?"

"நீங்களே ஓட்டிப் பாருங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். அவர் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். அவள் வெளியே, பின்கதவை ஒட்டி நின்றாள். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் எண்ணம்.

கார் நகர்ந்தது.

தட். தட். தட்.

கதவில் தூசி படிந்திருந்தது. அந்தத் தூசியில், பள்ளத்துக்குச் சற்று மேலே, ஐந்து விரல்கள் பதிந்தன. அவள் கண் முன்னால். பக்கத்தில் இன்னொரு கை. பிறகு முதல் கை மறுபடியும்.

கத்த வாயைத் திறந்தாள்.

அப்போது அவள் காதோரம் யாரோ மூச்சு விட்டார்கள். சூடான, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் சுவாசம்.

"நிறுத்தச் சொல்லுங்கம்மா."

பெண் குரல். கெஞ்சுகிற குரல்.

அவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

கார் நின்றது. இறங்கிவந்த கணவரின் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. "நீயா தட்டினே?" என்று கேட்டார். அவள் இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். இருவரும் தூசியைப் பார்த்தார்கள். கை மேல் கையாக, மேலே எதையோ எட்டிப் பிடிக்கப் பார்த்தது போல, கதவு முழுக்கத் தடங்கள்.

அவர் அதன் பிறகு சிரிக்கவில்லை. பட்டறைக்காரரை அன்றைக்கே போனில் பிடித்து, கெஞ்சிக் கூத்தாடி, மறுநாளே வேலையை ஆரம்பிக்கச் சம்மதிக்க வைத்தார். "கதவைத் தட்டி நேராக்கி, பெயிண்ட் அடிச்சு, காரை வித்துடலாம். இதைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே. நமக்கு எதுக்கு வம்பு?"

மறுநாள் டீச்சர்தான் காரைக் கொண்டுபோனாள். அந்தப் பட்டறைக்காரரை எல்லோரும் பட்டி மாஸ்டர் என்றார்கள். பெயிண்டுக்கு முன் பூசுகிற பட்டியை அவரைப் போல வழவழப்பாகத் தேய்க்க ஆளில்லையாம். அவர் பொண்டாட்டியின் கோபத்தைக்கூடப் பட்டி பூசிச் சரிபண்ணிவிடுவார் என்பது பட்டறையின் பழைய ஜோக். அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து கதவின் முன் குந்தினார். குந்தியவர் வெகுநேரம் அடிக்கவில்லை. விரலால் பள்ளத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எந்த வண்டி இடிச்சதும்மா?"

"தெரியலை மாஸ்டர். இடிச்சுட்டு நிக்காம போயிட்டாங்க."

"இங்க வந்து பாருங்க." கதவின் இரண்டு ஓரங்களையும் காட்டினார். அங்கே ஆழமான கீறல்கள், கீறலில் வெள்ளைப் பெயிண்ட். "இது ரெண்டும் வண்டி உரசினது. தகரம் தகரத்துல பட்டா இப்படித்தான் இருக்கும், பிராண்டி வச்சுரும். ஆனா நடுவுல பாருங்க. இவ்வளவு பெரிய பள்ளம், ஒரு கீறல் உண்டா? பெயிண்டு அப்படியே இருக்கு."

"அப்படின்னா?"

மாஸ்டர் குரலைத் தாழ்த்தினார். "நடுவுல மெத்துன்னு ஏதோ இருந்திருக்கு." பள்ளத்தின் மேல்பக்கத்தைத் தொட்டார். "இது தோள்." கீழ்ப்பக்கத்தைத் தொட்டார். "இது இடுப்பு."

டீச்சர் கதவிலிருந்து ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

அவர் கண்ணாடியின் அடியில் ஓடும் ரப்பரை ஊசிமுனைக் கம்பியால் நெம்பினார். இடுக்கிலிருந்து ஒரு பட்டன் வந்து விழுந்தது. நீல பட்டன். கூடவே பிய்ந்த துணியும் நூலும்.

"தட்டவா?" சுத்தியலைத் தூக்கியபடி கேட்டார். "நான் பத்து அடி அடிச்சேன்னா அப்புறம் இந்தக் கதவு யாருக்கும் எதையும் சொல்லாது. யோசிச்சுச் சொல்லுங்க."

கணவர் சொன்னது காதில் ஒலித்தது. கூடவே இன்னொன்றும் ஒலித்தது. நிறுத்தச் சொல்லுங்கம்மா.

"வேண்டாம் மாஸ்டர். நிறுத்துங்க."

பட்டனைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு நேராக ஆஸ்பத்திரியின் பின்கேட்டுக்குப் போனாள். காவலாளி அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "இது எங்க கிளீனிங் பொம்பளைங்க யூனிஃபார்ம் பட்டன்தான். யாராவது தைக்கக் கொடுத்தாங்களா?"

"அவங்கள்ல யாராவது வேலைக்கு வராம இருக்காங்களா?"

காவலாளி சிரிப்பை உதட்டில் வைத்துக்கொண்டு பேசினான். "ஒருத்தி வரலை. ரெண்டு வாரம் ஆச்சு. யார்கூடவோ ஓடிட்டான்னு பேச்சு. கல்யாண வயசுல பொண்ணை வச்சுக்கிட்டு இந்த வயசுல இது தேவையா சொல்லுங்க. அந்தப் பொண்ணுதான் பாவம், போட்டோவைத் தூக்கிக்கிட்டு அலையுது."

"கடைசியா என்னைக்கு வந்தாங்க?"

"ராத்திரி பூரா மழை கொட்டிச்சே, அதுக்கு முந்தின நாள். மழையன்னைக்கு வரவே இல்லை. கையெழுத்தே இல்லையே நோட்டுல."

பல் டாக்டர் அந்த வாரக் கடைசியில் திரும்பினார். டீச்சரும் கணவரும் அவருடைய கிளினிக்கில், நோயாளி நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றபடி அந்த அதிகாலைப் பதிவைப் பார்த்தார்கள். மின்கம்பம் மறைத்ததால் அவர்கள் கார் நின்ற இடம் தெரியவில்லை. சந்தின் வாய் மட்டும் தெரிந்தது.

ஐந்து மணிக்கு ஒரு வெள்ளை வேன் உள்ளே போனது. பக்கவாட்டில் பேக்கரி படம்.

ஐந்து பன்னிரண்டுக்கு ஒரு பெண், தலைக்கு மேல் பிளாஸ்டிக் பையைப் பிடித்தபடி, மழையில் வேகமாக உள்ளே நடந்தாள்.

ஐந்து இருபத்தொன்றுக்கு வேன் வெளியே வந்தது. விளக்குப் போடாமல்.

அந்தப் பெண் வெளியே வரவேயில்லை. ஆஸ்பத்திரி நோட்டில் கையெழுத்தும் இல்லை.

டாக்டர் பதிவை நிறுத்தினார். கணவர்தான் மெல்லச் சொன்னார். "வா, ஸ்டேஷனுக்குப் போவோம்."

வேனின் நம்பர் தெளிவாகவே இருந்தது. டிரைவரை அன்று சாயங்காலமே பிடித்துவிட்டார்கள். அவன் எதையும் மறைக்கவில்லை. கேன்டீனில் ரொட்டி இறக்கிவிட்டு, குறுகலான சந்தில் வண்டியைத் திருப்பப் பின்னால் எடுத்தானாம். மழையில் கண்ணாடி தெரியவில்லையாம். பின்னால் தட்டும் சத்தம் கேட்டதாம்.

"வா, வான்னு சைடு பார்த்துச் சொல்றாங்கன்னு நினைச்சு இன்னும் அழுத்தினேன் சார்" என்றானாம்.

இறங்கிப் பார்த்ததும் ஈரக்குலை நடுங்கிவிட்டதாம். அவளைத் தூக்கி வேனில் ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறான். நூறு அடியில் ஆஸ்பத்திரி. அவன் போனதோ கைவிட்ட கல்குவாரிக்கு. தண்ணீர் நிறைந்த அந்தப் பள்ளத்திலிருந்து உடலை எடுத்தார்கள். நீலச் சட்டையில் ஒரு பட்டன் இல்லை.

நசுங்கிய கதவைப் போலீஸ் கழற்றி எடுத்துக்கொண்டது. மாஸ்டர் புதுக்கதவு பொருத்திக் கொடுத்தார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு ரிவர்ஸ் போட்டுப் பார்த்தாள்.

எந்தச் சத்தமும் இல்லை.

பத்து நாளைக்குப் பிறகு இறந்தவளின் மகள் வீட்டுக்கு வந்தாள். இருபது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அம்மாவைத் தப்பாகப் பேசிய தெருவில் எல்லோரும் இப்போது தன்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்கள் என்றாள். அதைச் சொல்லும்போதுதான் உடைந்து அழுதாள். டீச்சர் அவளை அணைத்துக்கொண்டாள். பொழுது சாயப்போகிறது, பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று தானே காரில் கொண்டுவிடக் கிளம்பினாள். அந்தப் பெண் முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

பாதி வழியில் மகள் தானாகவே பேசினாள்.

"அம்மாவுக்கு உடனே உயிர் போகலையாம், டீச்சர். குவாரி வரைக்கும் மூச்சு இருந்துச்சாம். மாஜிஸ்ட்ரேட்கிட்ட வாக்குமூலத்துல சொன்னானாம்."

டீச்சர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"படுத்துக்கிட்டு மூச்சு விட முடியலைன்னு சொன்னாங்களாம். என்னைக் கொஞ்சம் உக்கார வைங்க, உக்கார வைங்கன்னு வழி பூரா கேட்டுக்கிட்டே வந்தாங்களாம். அவன் திரும்பிக்கூடப் பாக்கலையாம்."

வீட்டு வாசலில் அவளை இறக்கிவிட்டாள். அந்தப் பெண் உள்ளே போய் விளக்கைப் போடும்வரை காத்திருந்தாள். பிறகு காரைக் கிளப்பினாள்.

இருபதடி போயிருக்க மாட்டாள்.

டிங். டிங். டிங்.

டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு. பின்சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்து பெல்ட் போடாவிட்டால் எரிகிற விளக்கு.

வண்டியை ஓரம் கட்டினாள். கை கியரை விட்டு வரவில்லை. பின்சீட்டில் கைப்பை இல்லை, புத்தகக் கட்டு இல்லை. எதையும் அவள் வைக்கவில்லை.

டிங். டிங். டிங்.

பெல்ட் இழுபடும் சரசரப்பு கேட்டது. நிதானமாக, அவசரமேயில்லாமல்.

கிளிக்.

சத்தம் நின்றது. விளக்கு அணைந்தது.

டீச்சர் கண்ணாடியில் பார்த்தாள். சீட்டில் யாருமில்லை. பெல்ட் மட்டும் பூட்டப்பட்டிருந்தது. அது சீட்டோடு ஒட்டிக் கிடக்கவில்லை. ஓர் ஆளின் மார்பைச் சுற்றியது போல ஒரு சாண் முன்னால் தள்ளி, விறைத்து நின்றது.

அந்தரத்தில் நின்ற அந்தப் பெல்ட், மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடியும் உயர்ந்தது.