கண் காணாத துளி

ஆறாம் நாள் காலை. குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த தீர்ஸாவின் மணிக்கட்டு வளையல் மீண்டும் சிவந்தது. கரண்டியை அப்படியே போட்டுவிட்டுக் குளியலறைக்கு ஓடினாள். வெள்ளைத் துணியில் பொட்டுக் கறைகூட இல்லை. ஆனால் குருதியுணரி பொய் சொல்லாது.

திரும்பி வந்தபோது கணவன் எல்கானா தண்ணீர்க் குவளையை அவள் கையில் தராமல் மேசைமேல் வைத்தான். யூதச் சட்டப்படி, உதிரம் கண்ட மனைவியைக் கணவன் தொடலாகாது. அது நின்று, ஏழு நாள் சுத்தமாக எண்ணி, மிக்வே என்னும் தூய்மைக்குளத்தில் மூழ்கி எழுந்த பிறகே தொடலாம். இரண்டாம் பிரசவத்தில் அவள் பிழைத்ததே பெரிதென்று மருத்துவர் புயத்தில் கருத்தடைக் குச்சியைப் பதித்திருந்தார். அந்த மருந்தால் உதிரம் நினைத்த நேரத்தில் கசிந்தது. சந்தேகமே வேண்டாமென்று, ஹைஃபா நகரப் பெண்கள் பலரையும்போல அவளும் கருப்பைக்குள் குருதியுணரியை வைத்துக்கொண்டாள். கண்ணுக்குத் தெரியாத துளியை அது உணர்ந்தாலும் மணிக்கட்டு வளையல் சிவக்கும்; ஏழு நாளும் சுத்தமானால் பச்சையாகும். கண்ணால் உதிரம் கண்டது ஒரே தடவை. அதன்பின் ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ வளையல் சிவக்கும். எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். நான்கு மாதம் இப்படியே போயிற்று.

"இன்னும் எத்தனை தடவைதான் எண்றது, எல்கானா?"

அவன் குழந்தையின் வாயைத் துடைத்தான்.

அன்றே ஹதஸா அம்மாவிடம் போனாள். பெண்களின் இத்தகைய கேள்விகளுக்காகவே சட்டம் படித்தவர் அவர். நாற்காலியில் உட்கார முடியாமல் தீர்ஸா நின்றுகொண்டே சொன்னாள்.

"கண்ணால பாத்தியா?"

"இல்லம்மா. வளையல்தான்..."

"உடம்புல ஏதாவது உணர்ந்தியா?"

"இல்ல."

"அப்ப ஒண்ணுமே இல்ல. சட்டம் மனுஷக் கண்ணுக்குச் சொன்னது. பார்த்த கறையிலயே ரொம்பச் சின்னதைத் தள்ளுபடி பண்ணியிருக்காங்க. கருவி மோப்பம் பிடிக்கிறது கணக்குல வராது. நாளைக்கு ஏழாம் நாள். பொழுது சாஞ்சதும் போய் மூழ்கு."

"அப்ப இந்த நாலு மாசம்?"

ஹதஸா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "முன்னாடியே வந்து கேட்டிருக்கலாமேம்மா."

மறுநாள் பொழுது சாய்ந்ததும் போனாள். தூய்மைக்குளத்தின் கதவு திறக்கவில்லை. வளையல் பச்சையானால்தான் திறக்குமாம். யாரும் யாரிடமும் அந்தரங்கம் கேட்கக் கூடாதென்று பெண்களே மனுப் போட்டு வாங்கிய ஏற்பாடு. அதில் தீர்ஸாவின் கையெழுத்தும் இருந்தது. கதவை இரண்டு முறை குத்தினாள். பிறகு ஹதஸாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"கடலுக்கு வா. அதுவும் மிக்வேதான். அதுக்குக் கதவு கிடையாது."

குளிர்ந்த அலைக்குள் முழுதாக மூழ்கி எழுந்தாள். கரையில் நின்று ஹதஸா, "சரியாச்சு!" என்று குரல் கொடுத்தார். ஈரத் தலையோடு வீட்டுக்குப் பறந்தாள்.

எல்லாவற்றையும் கேட்ட எல்கானா சிரித்தபடி கையை நீட்டினான். பாதி வழியில் அது நின்றது. வளையல் சிவந்திருந்தது.

"கணக்குல வராதுன்னு சொன்னாங்களே!"

"வராதுதான். ஆனா நமக்குத் தெரிஞ்சிருச்சே, தீர்ஸா."

அவள் துண்டை எடுத்து வளையலை இறுகச் சுற்றினாள். அவன் பார்வை துண்டைவிட்டு நகரவில்லை.