பட்டன் அலசிய கேக்

அமெரிக்காவின் கெண்டக்கி மலைப்பக்கத்துச் சிறுமி ஓப்பலின் வீட்டில் அந்த வருஷம் எந்தத் தாழ்ப்பாளும் நிற்கவில்லை. பட்டன் எல்லாவற்றையும் திறந்துவிடும்.

பட்டன் ஒரு ரக்கூன், பூனையைவிடச் சற்றுப் பெரிய காட்டு விலங்கு. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, மனுஷக் கை மாதிரியே கை. புயலில் விழுந்த மரத்தின் பொந்திலிருந்து எடுத்துவந்து, பொம்மைப் புட்டியில் பாலூட்டினாள் ஓப்பல். அப்போது அது அவள் தொப்பிக்குள் தூங்கும். தூக்கத்தில் அவள் விரலைப் பிடித்துக்கொள்ளும்.

இப்போது வளர்ந்துவிட்டது. பீச் பழ ஜாடிகளைத் திருகித் திறந்தது. அம்மாவின் தலையணைக்குள் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தது.

தேவாலய விருந்தில்தான் வினை வந்தது. பக்கத்துப் பண்ணை வெர்னா அத்தையின் ஜாம் கேக்கில் பாதியைத் தூக்கிப்போய், எதையும் தண்ணீரில் அலசித் தின்னும் ரக்கூன் வழக்கப்படி, பாத்திரம் கழுவும் தொட்டியில் முக்கி அலசியது. கேக் கரைந்தே போனது. பட்டன் துழாவித் துழாவித் தேடியது. எல்லாரும் சிரித்தார்கள், வெர்னா அத்தையைத் தவிர.

ஓப்பல் தூக்கப் போனாள். பட்டன் அவளைப் பார்த்தே பல்லைக் காட்டி உறுமியது.

"போதும்மா. இனி அது வீட்டுல வேணாம்," என்றார் அப்பா.

"எங்கிட்ட குடுத்துரு," என்றார் கிளே மாமா. ரக்கூன் வேட்டைக்கு நாய் பழக்குபவர். "கூண்டுல வெச்சா குட்டி நாய்ங்களுக்கு மோப்பம் பழகும்."

"மாட்டேன். காட்டுல விட்டுருவேன்."

"எங்க நாயைக் கண்டா ஓடவா போவுது? கைகுலுக்கப் போவும்."

அது உண்மை. அப்பாவின் கிழட்டு நாயின் வயிற்றில் சாய்ந்து வளர்ந்த பட்டனுக்கு நாய் என்றால் மெத்தை.

தொட்டித் தண்ணீரில் இன்னும் துழாவும் பட்டனின் கைகளையே ஓப்பல் பார்த்தாள். ஓடைக் கல்லடியில் நண்டு தேடவேண்டிய கைகள். ஓடைக்கு அக்கரையில் வேட்டைக்காரர்களை விடாத காடு ஒன்றுதான் இருந்தது. அது வெர்னா அத்தையுடையது.

மறுநாள் அவளே ஒரு கேக் சுட்டு எடுத்துப் போனாள். ஒரு பக்கம் கருகியிருந்தது.

வெர்னா அத்தை ஒரு துண்டு மென்றார். "இதை உன் பட்டன்கூடத் திங்காது."

"அலசிட்டுத் திங்கும், அத்தை. உங்க காட்டுல விடட்டுமா?"

"எஞ் சோளத்தை யாரு காப்பாத்துவா?"

"வேலி கட்டித் தரேன்." ஓப்பல் யோசித்தாள். "ஆனா அதையும் திறந்துரும்."

"பொய் சொல்லக்கூடத் தெரியலை உனக்கு," என்றார் அத்தை. "சரி, கொண்டா."

ஓடைக்கரையில் கூண்டைத் திறந்தாள். பட்டன் தண்ணீரில் கைவிட்டு ஒரு நண்டைப் பிடித்தது. ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கல் தாவிப் போனது. கூப்பிட வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.

பிறகு எத்தனையோ கோடைகள் வந்து போயின. ஓடையோரத்துக் கடைசி வரிசைச் சோளத்தை வெர்னா அத்தை பறித்ததே இல்லை.

கேட்டால், "அந்த வரிசை ருசிக்காது," என்பார்.