திருப்பி வாங்கிய பட்டப்பெயர்

பாத்திரக்கடைக்காரர் மகளை வகுப்பில் எல்லோரும் டிங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பாத்திரத்தைக் கண்டாலும் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவாள். ‘டிங்’ என்றால் நல்ல சரக்கு. ‘டொக்’ என்றால் எங்கேயோ விரிசல்.

“என் பொண்ணை யாராலயும் ஏமாத்த முடியாது” என்று அப்பா கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்டுக் கேட்டு அவளும் அதை நம்பிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

டிங்குவின் பக்கத்தில் உட்காருகிறவள் குருவி. காலையில் பள்ளிக்கூடமே வரிசையாக நிற்கும்போது குருவிக்கு மட்டும் ஒரு நாற்காலி உண்டு. மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறுவாள். காலை வேளையில் பேனா மூடியைக்கூட டிங்குதான் திறந்து கொடுக்க வேண்டும்.

“மூட்டு வலிடி” என்பாள்.

“அது வயசானவங்களுக்குத்தானே வரும்?”

“அதுக்கு என் வயசு தெரியல போல.”

டிங்கு அதை நம்பத்தான் செய்தாள், அந்தத் திங்கட்கிழமை வரைக்கும். அன்று சாயங்காலம் மைதானத்தில் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். அவளுக்கு முன்னால் குருவி சிட்டாகப் பறந்து போனாள். டிங்கு அப்படியே நின்றுவிட்டாள்.

“காலையில படியேற முடியாது, சாயங்காலம் மட்டும் ஓட்டமா? நடிகைடி நீ.”

நாலு பேர் காதில் விழும்படிதான் சொன்னாள். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள். மறுநாள் காலையில் குருவி வாசலுக்குள் நுழையும் முன்பே, “நடிகை வந்தாச்சு, வழி விடுங்கப்பா” என்று ஒரு குரல் வந்தது.

அன்று நாற்காலி காலியாக இருந்தது. குருவி வரிசையில் நின்றாள். புதன்கிழமையும் நின்றாள். வியாழக்கிழமையும் நின்றாள்.

‘நான் கண்டுபிடிச்சதும் நல்லா நிக்குறா பாரு’ என்று டிங்கு உள்ளுக்குள் மெச்சிக்கொண்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் குருவியின் அம்மா கடைக்கு வந்தார்.

“அண்ணே, வாய் அகலமா ஒரு பாத்திரம் வேணும். ரெண்டு கையும் ஒண்ணா உள்ள போகணும், நல்லா ஆழமா.”

“பாத்திரம் கேக்குறீங்களா, கிணறு கேக்குறீங்களா?” என்றார் அப்பா.

அந்த அம்மா பாதிதான் சிரித்தார். “என் பொண்ணுக்குண்ணே. மூட்டுவாதம். காலையில எழுந்தா விரல் மடங்காது. சுடுதண்ணியில கையை வெச்சிருந்தாத்தான் பொத்தானே போட முடியும். நேரம் போகப் போக இளகிடும். சாயங்காலம் நல்லா ஓடுவா. முடியுறப்ப ஓடியாடணும்னு டாக்டரே சொல்லியிருக்காரு.”

அலமாரிக்குப் பின்னால் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்த டிங்குவின் கை நின்றது.

“இப்ப மூணு நாளா நாற்காலியில உக்கார மாட்டேங்கிறா. படியிலயும் நிக்காம ஏறுறாளாம். முட்டி வீங்கிக் கிடக்கு. நடிகைன்னு யாரோ பேர் வெச்சுட்டாங்களாம். யாருடின்னு கேட்டா வாயத் திறக்கல.”

“எந்தக் கழுதைம்மா அது?” என்றார் அப்பா கோபமாக.

அந்தக் கழுதை அலமாரிக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றது. அப்பா ஒரு பெரிய பாத்திரத்தை எடுத்துத் தட்டினார். டிங் என்றது. பாத்திரம் என்றால் தட்டிப் பார்த்துவிடலாம். ஒருத்தியின் முட்டிக்குள் இருக்கிற வலியை எங்கே தட்டிப் பார்ப்பது?

மறுநாள் காலையில் குருவியைப் படிக்கட்டிலேயே பிடித்தாள். “தெரியாம பேசிட்டேன். மன்னிச்சிடுடி.”

“சரி.”

“அப்ப போய் நாற்காலியில உக்காரு.”

“உக்காந்தா உடனே கூப்பிடுவாங்க. நீ ஒருத்தி வாயை மூடிட்டா ஆச்சா? வகுப்பே கூப்பிடுது.” குருவி கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறிப் போனாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவது டிங்குவுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மதியம் தன் ஸ்டிக்கர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு பெஞ்சாகப் போனாள்.

“நடிகைங்கிற பேர் என்னோடது. தப்பா வெச்சுட்டேன். எனக்கே திருப்பிக் கொடு. ஒரு ஸ்டிக்கர் தர்றேன்.”

“ஒண்ணா? மூணு நாளா பத்திரமா வெச்சிருக்கேன். ரெண்டு கொடு.”

கொடுத்தாள். வாழ்நாளில் அவள் பேரம் பேசாமல் வாங்கிய சரக்கு அது ஒன்றுதான். “அவளுக்குக் காலையில மூட்டு இறுகியிருக்கும், சாயங்காலம் இளகிடும். ரெண்டுமே நிஜம்” என்று ஆளுக்கு ஒரு தடவை சொன்னாள். டப்பா கிட்டத்தட்டக் காலியானபோது மிச்சமிருந்தது வகுப்பு லீடர் மட்டும்தான்.

“உன் ஸ்டிக்கர் எனக்கு எதுக்கு?” என்றான் அவன். “கூப்பிட்டுக் கூப்பிட்டு நாக்கு பழகிடுச்சு. இனிமே யாரைக் கூப்பிடுறது?”

“என்னைக் கூப்பிடு.”

“நீ என்ன நடிச்ச?”

டிங்கு டப்பாவை மூடினாள். “எல்லாம் தெரிஞ்ச மாதிரி நடிச்சேன்.”

லீடருக்கு அந்த வியாபாரம் பிடித்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் குருவி வாசலுக்கு வந்ததும், “ஏ நடிகை” என்று கத்தினான். குருவி அப்படியே நின்றாள்.

“என்னடா?” என்று வரிசையிலிருந்து டிங்கு குரல் கொடுத்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். குருவி அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கோவம் போச்சா?” டிங்கு கிசுகிசுத்தாள்.

“இல்ல. அதுவும் முட்டி மாதிரிதான். காலையில இறுக்கமா இருக்கு.”

“சாயங்காலம்?”

“சாயங்காலம் வந்து கேளு.”

டிங்குவுக்கு அன்று பகல் முழுக்க ஒரு பாடமும் ஏறவில்லை. கடைசி மணி அடித்ததும் அவள் முதுகில் பட்டென்று ஓர் அடி விழுந்தது. “பிடி பாப்போம்” என்று குருவி ஓடினாள்.

முட்டி வீக்கம் இன்னும் முழுசாக வடியவில்லை. போன திங்கட்கிழமை பறந்தவள் இன்று தத்தித் தத்தித்தான் ஓடினாள். டிங்குவுக்கு எட்டிப் பிடிக்கிற தூரம்தான். ஆனாலும் மூச்சு வாங்குவதுபோல் வாயைத் திறந்துகொண்டு, வேண்டுமென்றே பின்தங்கினாள்.

குருவி திரும்பிப் பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“ஏ நடிகை, நடிக்காம ஓடிவாடி.”

டிங்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு, நிஜமாகவே ஓடினாள்.