உப்புப் பூத்த கல்

ஆயுத பூசை முடிந்த மூன்றாம் நாள் காலை. ஓசூரில் சென்னகிருஷ்ணனின் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்த கிருபாராணி, நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

"என்னைத் திருடிங்கிறாங்க சார். சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போலீஸ்ல எழுதிக் குடுக்கப் போறாங்களாம். பதினோரு வருஷம் அந்த லேப்ல வேலை பாத்திருக்கேன்."

அவள் வேலை செய்வது ஓர் அலுமினிய வார்ப்பட ஆலையில். முதலாளி ஹரீஷ்குமாருக்குக் கல் பைத்தியம். இத்தாலியிலிருந்து ஆசை ஆசையாய் வரவழைத்த எரிமலைக் கல் ஒன்றை ஆய்வுக்கூட அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். கறுப்புக் கல், மேலெல்லாம் வெள்ளைப் படிகங்கள். இப்போது அலமாரியில் இருப்பது வெறும் கறுப்புக் கல். யாரோ மாற்றிவிட்டார்கள் என்கிறார். சாவி இரண்டு. ஒன்று அவர் வீட்டில், மற்றது கிருபாராணியிடம். அப்புறம் என்ன, பழி அவள் தலையில்!

"ரோட்டோரக் கல்லு ஒண்ணை வெச்சுட்டு, அசலைத் தூக்கிட்டாங்க சார்!" என்று துள்ளினாள் உதவியாளர் பிரவீனா. அவளுக்கு எதுவும் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். பாதி தப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

"பாத்துட்டுப் பேசலாம்மா" என்றார் சென்னகிருஷ்ணன்.

ஆலையில் கல்லைக் கையில் வாங்கியவர் அதைப் பிரவீனாவிடம் நீட்டினார். அது எதிர்பார்த்த கனம் இல்லை. உடம்பெல்லாம் பொடிப் பொடி ஓட்டைகள். நெற்றியில் சந்தனமும் குங்குமமும்.

"பூசைக்கு வெச்ச கல்லு மாதிரி தெரியணும்னு பொட்டு வெச்சு ஏமாத்து வேலை" என்று சீறினார் ஹரீஷ்குமார்.

கிருபாராணிக்குக் கண் கலங்கியது. "நான் சர்ச்சுக்குப் போறவ சார். மெஷினைத் தொடச்சுக் குடுப்பேன். பொட்டு மத்தவங்கதான் வைப்பாங்க. இது எல்லாருக்கும் தெரியும்."

கல் இருந்த எவர்சில்வர் தட்டில் வெள்ளையாய் ஒரு வளையம் காய்ந்திருந்தது. கல் வந்த பெட்டியின் பஞ்சில் கடுகளவு படிகம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. சென்னகிருஷ்ணன் இரண்டையும் பார்த்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டார். அப்போதுதான் முதலாளியின் மனைவி அருணா, கணவருக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தார்.

"நீங்களும் இருங்கம்மா" என்றார் சென்னகிருஷ்ணன். "சார், இந்தப் படிகம் எப்படி உண்டாச்சுன்னு சொல்லுங்க."

கல் என்றால் ஹரீஷ்குமாருக்குக் கோபம்கூட மறந்துவிடும். "ஃபெருச்சைட் சார். சோடியம், போரான், ஃபுளோரின். எரிமலை வாயில இருந்து வர்ற சூட்டு ஆவி, பாறை மேல பட்டு ஆறும்போது நேரா படிகமாயிடும். நடுவுல திரவமே ஆகாது. உலகத்துலயே அபூர்வம்."

"ஏன் அபூர்வம்?"

"மழை பேஞ்சா..." என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார்.

சென்னகிருஷ்ணன் பஞ்சிலிருந்த துணுக்கை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டார். குச்சியால் மெல்லக் கலக்கினார். துணுக்கு கரைந்துபோனது.

"கல்லை யாரும் மாத்தல சார். நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் முச்சூடும் கிரானைட். கனமான கல்லு. இப்படி எரிமலை ஆவி குமிழ் விட்டு ஓட்டையான கல்லை ரோட்டோரம் எங்க போய்ப் பொறுக்குறது? இது உங்க கல்லேதான். கழுவிட்டாங்க. ஈரத்தோட தட்டுல வெச்சிருக்காங்க, வடிஞ்ச தண்ணி காய்ஞ்சு வளையமாயிருச்சு. ஆயுத பூசைக்குக் கழுவாத சாமான் உண்டா? அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"பெங்களூர்ல."

"உங்க வீட்டுச் சாவி?"

"வீட்டுலதான். பூசை சாமானோட..." ஹரீஷ்குமாரின் குரல் இறங்கியது. "லேப்ல வருஷா வருஷம் பூசை போடறது அருணாதான்."

அருணா கேரியரைக் கீழே வைத்தார். "சுவத்துல உப்புப் பூக்குமே, அப்படிப் பூத்திருக்குன்னு நெனச்சுப் பிரஷ் போட்டுத் தேச்சுட்டேங்க. அன்னிக்கே சொல்லியிருக்கணும். நீங்க கத்தின கத்துல எனக்கு வாயே வரல. கிருபா, என்னை மன்னிச்சுடு. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கல."

"எனக்கும்தான் எறங்கல மேடம்" என்றாள் கிருபாராணி.

ஹரீஷ்குமார் மேசையிலிருந்த புகார்க் காகிதத்தை நான்காகக் கிழித்தார். "தப்பு என்னுதும்மா. நாளைக்கு வேலைக்கு வந்துடு."

"வர்றேன் சார். ஆனா திருடின்னு நீங்க இந்த ரூம்ல சொல்லல. கீழ அறுபது பேர் நடுவுல சொன்னீங்க."

ஹரீஷ்குமாருக்கு முகம் சிவந்தது. பிரவீனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சென்னகிருஷ்ணன் கையமர்த்தினார்.

முதலாளி எழுந்து, படியிறங்கி, வார்ப்படக் கூடத்துக்குப் போனார். இயந்திரங்களை நிறுத்தச் சொன்னார். எண்ணெய்க் கையோடு எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கிருபாராணி எதையும் எடுக்கல" என்றார். பின்வரிசைக்குக் கேட்கவில்லை. அவர் இன்னொரு முறை, உரக்கச் சொன்னார்.