திரும்பும் வழியும் மாறட்டும்

அந்த மதியம் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அவன், அவன் மனைவி, உள் அறையில் தூங்கிக்கொண்டிருந்த நாலு வயது மகள் குட்டி. மனைவி தண்ணீர் எடுக்கச் சமையலறைக்குள் போனாள். கையில் டம்ளரோடு குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“என்ன முழிக்கிறீங்க?”

அவள் கவனிக்கவில்லை. அவனும் தன் கண்ணை நம்பவில்லை. இரவு வேலையை உதறி நாலு மாதமாகியும் உடம்பு பகலை ஏற்க மறுத்தது. திரைச்சீலையை இழுத்துவிட்டு, வியர்வை நாறும் அந்த அரையிருட்டில், பழைய சுரங்க விளையாட்டையே திரும்பத் திரும்ப ஆடிக்கொண்டிருந்தான். அதில் பேய் கிடையாது, எதிரி கிடையாது. ஆளில்லாத சுரங்கத்தில் எண்பத்தாறு அறைகள்; கண்ணைக் கட்டிவிட்டாலும் நடப்பான். அது அலுத்ததும், கதவுகளைக் கலைத்துப்போடும் ஒரு கூடுதல் நிரலை இணையத்திலிருந்து இறக்கினான். எந்தக் கதவு எந்த அறைக்குத் திறக்கும் என்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் மாறும். அதுவும் பழகிப்போக, வரைபடம் பார்க்கக் கூடாது, விளக்கு ஏற்றக் கூடாது என்று தனக்குத் தானே விதி போட்டுக்கொண்டான். அந்த நிரலின் அமைப்புகளில் ஒரே ஒரு தேர்வுக் கட்டத்தை மட்டும் தொட்டதில்லை. ‘திரும்பும் வழியும் மாறட்டும்.’ அதை அழுத்தினால், வந்த கதவையே மறுபடி திறந்தாலும் வந்த இடம் இருக்காது.

காலையில் அவள், குட்டியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போய்விடுவேன் என்றாள். அந்தக் கோபத்தில் அதையும் அழுத்தினான்.

“அண்ணன் நாலு மணிக்கு வண்டியோட வர்றார்.” டம்ளரை மேஜையில் வைத்தாள்.

“வரட்டும். நீ போ. குட்டிய விடமாட்டேன்.”

“அவ சாப்பிட்டாளான்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? பேச வந்துட்டாரு பெருசா. அந்தக் குழிக்குள்ளயே குடியிருங்க. தபாலெல்லாம் அங்கயே அனுப்பச் சொல்றேன்.”

உள் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள். சுவர் அதிர்ந்தது. போடி என்று ஹெட்போனை மாட்டினான். பாறையில் நீர் சொட்டும் சத்தம், காலடியில் நொறுங்கும் சரளை, எங்கோ தொலைவில் குழாய்க்குள் ஊதுவதுபோல் காற்று, அந்தக் காற்றுக்கு அடியில் மெல்லிசாக ஒரு குழந்தையின் அழுகை.

இந்த விளையாட்டில் குழந்தை கிடையாது.

ஹெட்போனைக் கழற்றினான். ஃபிரிட்ஜ் மட்டும் முனகியது. மாட்டினான்.

“அப்பா.”

எழுந்து போய் உள் அறைக் கதவைத் திறந்தான். குளியலறை. ஈரத் தரை, சோப்பு வாசம். சாத்தித் திறந்தான். சமையலறை. எந்த நாய் வேலை இது? எட்டி உதைத்துச் சாத்தி, மறுபடி திறந்தான். வெறும் கறுப்பு. முகத்தில் மோதிய ஈர மண் வாடை. படாரென்று சாத்தினான்.

அப்போது வாசல் கதவு திறந்தது. மனைவி நின்றாள். முழங்கால்வரை கருஞ்சேறு, சிக்குப் பிடித்த தலை. நகங்கள் சதைவரை உடைந்திருந்தன. அவள் உள்ளே போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“எத்தனை நாள் கத்தினேன், காதுல விழலையா உனக்கு?” முதல் தடவையாக அவனை ‘நீ’ என்றாள்.

“குட்டி எங்க?”

“இருட்டுல... கை நழுவிடுச்சு.”

சமையலறைக் கதவுக்குப் பின்னால் அழுகை கேட்டது. ஹெட்போன் மேஜையில் கிடந்தது. கதவைத் திறந்தான். அதே கறுப்பு.

“நீ போ” என்றாள். “சாத்தினாத்தான் இடம் மாறுது. நான் பிடிச்சுக்கறேன்.”

போனான். சரளை நொறுங்கியது. நீர் சொட்டியது. பத்தடி. இருபதடி. கையை நீட்டித் துழாவினான். மயிர். சூடான கன்னம். குட்டியேதான், அவள் தலையெண்ணெய் வாசம். வாரித் தூக்கினான். இரண்டு சின்னக் கைகள் அவன் கழுத்தை இறுக்கின.

“கிடைச்சாளா?” வெளிச்சத்தின் விளிம்பில் மனைவி, இரு கையாலும் கதவைப் பிடித்தபடி. “சொல்லேன்!”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாலு மாதக் கோபம் முந்திக்கொண்டது.

“கத்தாத! நீ பிடிச்ச லட்சணம்தான் தெரியுதே. பெத்த பிள்ளையவே கைய விட்டவதானே நீ!”

அவள் கைகள் தளர்ந்து பக்கவாட்டில் விழுந்தன.

கதவு தானாக நகர்ந்தது. ஓடினான். வெளிச்சம் ஒரு முழம். ஒரு சாண். ஒரு நூல்.

இருட்டு.

கதவில் மோதினான். மரம் குளிர்ந்திருந்தது. குட்டி அசையவில்லை. அவள் இரண்டு கைகளும் அவன் கழுத்தில்தான் இருந்தன. அவனுடையவை அவளைச் சுற்றி.

அவன் காதோரமாக நீண்டுவந்த இன்னொரு கை, அவசரமே இல்லாமல், உட்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டது.